தராசு கொழுந்து பறிக்காது

கேள்வி: எங்கள் லைன் வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஊழியர், உபாகமம் 28-ஆம் அதிகாரத்தை வாசித்து, கட்டளைகளைக் கைக்கொண்டால்தான் ஆசீர்வாதம் என்றும், அது உழைப்புக்கு ஏற்ற கூலி என்றும் சொல்கிறார். அப்போஸ்தலர் பவுலோ எல்லாம் கிருபையினாலே என்கிறார். எது சரி? புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையிலும் அந்த அதிகாரத்து வசனமே இருக்கிறது. அதைச் சுவரில் வைத்திருக்கலாமா?
— தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஒருவர், கூடலூர்

பதில்: 'கூலி' என்று எழுதிவிட்டீர்கள், இனி அந்தச் சொல்லை விட்டு என்னால் நகர முடியாது. நீலகிரியில் கூலியைப் பற்றி ஒருவர் இன்னொருவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாளுக்கு இத்தனை கிலோ என்று வரையறுத்து, மழை நாளில் ஈரத்துக்கென்று கழித்து, மாலையில் தராசின் முன் வரிசையில் நிற்கவைக்கும் ஊர் இது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து உங்கள் கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்கள், கொழுந்து குறைந்த நாளுக்கு 'அரைப்பேர்', அதாவது அரை நாள் கூலி, என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆள் முழுதாக நின்றாலும் பேர் பாதிதான் விழும். அந்த ஊழியர் கடவுளை அப்படிப்பட்ட கணக்கப்பிள்ளையாக ஆக்குகிறார் என்பதுதான் என் வருத்தம்.

பவுலும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார். 'கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கிருபையென்றெண்ணப்படாமல், கடனென்றெண்ணப்படும்' என்பது ரோமர் 4:4. கூலி என்பது முதலாளி தரவேண்டிய பாக்கி. அதைத் தந்ததற்காக யாரும் அவரைத் தயாளர் என்று புகழ்வதில்லை. ஆசீர்வாதம் கூலியானால் கடவுள் நமக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். அப்படி ஒரு கடவுளிடம் ஜெபிப்பதைவிடத் தொழிற்சங்கத்தில் சேருவது பயன் தரும். அதே நிருபத்தின் 6-ஆம் அதிகாரக் கடைசியில் அவர் 'சம்பளம்' என்ற சொல்லைப் பாவத்துக்கு மட்டும் கொடுத்து, நித்தியஜீவனைக் 'கிருபைவரம்' என்று தனியே பிரித்து வைத்திருப்பதையும் கவனியுங்கள்.

அப்படியானால் நியாயப்பிரமாணம், அதாவது மோசே வழியாக வந்த சட்டம், எதற்கு? தராசு எதற்கோ அதற்கு. பாவத்தை அறிகிற அறிவு அதனால் வருகிறது என்று ரோமர் 3:20 சொல்கிறது. உங்கள் கூடையில் எவ்வளவு குறைகிறது என்பதைத் தராசு பிசகாமல் காட்டும். குறைந்த கொழுந்தில் ஓர் இலையைக்கூட அது பறித்துப் போடாது. அதற்காகத் தராசைத் திட்டுகிறவர்களும் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். தராசு என்ன செய்யும்? பவுலே அதைப் பரிசுத்தமானது என்றுதான் சொன்னார்.

இனி அந்த அட்டை. டிசம்பர் 31 இரவு, கை விறைக்கும் பனியில், தட்டிலிருந்து எடுத்த அட்டையில் 'உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்' என்று இருந்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அட்டை அச்சிடுகிறவர்களோடு எனக்குப் பல ஆண்டுப் பகை உண்டு, காரணம் இந்த வசனம்தான். ஒரு சபையில் இருநூறு பேரும் தலையாகிவிட்டால் வாலுக்கு எங்கே போவது என்று கேட்டேன். இதுவரை பதில் இல்லை. வேறெங்கும் நிறைவேறாவிட்டாலும் சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் அந்த வசனம் தவறாமல் நிறைவேறுகிறது, நிற்கிறவர்கள் எல்லாரும் தலைகளே. ஆனால் என் உண்மையான மனக்குறை வேறு. அந்த அதிகாரத்தில் மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14-உடன் முடிந்துவிடுகிறது, மீதி 54-உம் சாபம். 5-ஆம் வசனத்தில் ஆசீர்வதிக்கப்பட்ட அதே கூடை 17-ஆம் வசனத்தில் சபிக்கப்படுகிறது. 17-ஆம் வசனம் அச்சான அட்டையை நான் இன்னும் பார்க்கவில்லை. சட்டத்தின்படி ஆசீர்வாதம் கேட்பவர் அதிகாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஒன்றிலே தவறினால் எல்லாவற்றிலும் குற்றவாளி என்று யாக்கோபு எழுதிவைத்திருக்கிறார்.

மோசேயைக் குறைத்துப் பேசுவதாக யாரும் கிளம்ப வேண்டாம். பத்துக் கட்டளைகளைத் தொடங்குமுன், எகிப்தின் அடிமைத்தன வீட்டிலிருந்து உங்களைப் புறப்படப்பண்ணினவர் நான் என்றுதான் யாத்திராகமத்தில் கடவுள் பேசுகிறார். மீட்பு முந்தி, கட்டளை பிந்தி. ஆபிரகாமுக்குக் கொடுத்த வாக்கு நியாயப்பிரமாணத்துக்கு 430 ஆண்டு மூத்தது என்று கலாத்தியரில் பவுல் கணக்குக் காட்டுவதும் இதற்காகவே.

'கிருபை' வடசொல், 'அருள்' என்றே எழுதவேண்டும் என்று எனக்கு மாதந்தோறும் கண்டனம் அனுப்பும் குன்னூர் அன்பருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 1995-இல் வந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பில் அருள்தான் இருக்கிறது, எனக்குச் சம்மதமே. உதகையில் பள்ளி நடத்திய, கண்டிப்புக்குப் பேர்போன ஜி. யு. போப், 1900-இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தபோது அருளென்னும் சொல்லோடு எத்தனை இரவுகள் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப்பார்ப்பதுண்டு. ஆயினும் என் பாட்டி கிருபை என்றே ஜெபித்தார், ஆகையால் நானும் அப்படியே எழுதுவேன்.

சட்டம் இல்லையென்றால் சோம்பேறித்தனம் வளராதா என்று உங்கள் ஊழியர் அடுத்ததாகக் கேட்பார். மத்தேயு 20-இல் இயேசு சொன்ன உவமையில் திராட்சத்தோட்டக்காரர் விடியலில் வந்தவனுக்கும், வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் ஒரே பணத்தைக் கொடுத்ததும் எழுந்த முறுமுறுப்பு இதுதான். நான் அங்கே இருந்திருந்தால் முறுமுறுத்தவர்களின் முன்வரிசையில் நின்றிருப்பேன். 'நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?' என்ற பதிலும் என் முகத்தைப் பார்த்தே சொல்லப்பட்டிருக்கும். ஆனால் அந்தக் கடைசி ஆட்கள் சோம்பேறிகள் அல்லர். ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை என்று காரணம் சொல்லி, நாளெல்லாம் கடைத்தெருவில் நின்றவர்கள். கிருபை பெருகும்படி பாவத்தில் நிலைத்திருக்கலாமா என்ற கேள்வியைப் பவுலும் கேட்டு, 'கூடாதே' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அட்டையைக் கழற்ற வேண்டாம். பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். அதில் முதலில் உபாகமம் 28:17-ஐ எழுதுங்கள். அதன் கீழே, கிறிஸ்து நமக்காகச் சாபமானார் என்கிற கலாத்தியர் 3:13-ஐயும், ஆபிரகாமின் ஆசீர்வாதம் புறஜாதிகளுக்கு வருகிற 14-ஐயும் எழுதுங்கள். ஆணியில் எந்தப் பக்கத்தை முன்னால் மாட்டுவது என்பதை ஊழியர் வரும் நாளைப் பொறுத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.