புத்தாண்டின் நிதி இலக்கை எங்கிருந்து தொடங்குவது?

புத்தாண்டை ஒட்டி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொண்டு நிறுவனங்களை நடத்துபவர்களும் அவற்றின் கணக்குகளைக் கவனிப்பவர்களும் எழுதியவை. வரும் ஆண்டில் எவ்வளவு நன்கொடை திரட்ட வேண்டும் என்று முடிவு செய்வது எப்படி என்பதே ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் உள்ள கேள்வி. அவற்றுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: அம்மா, பிள்ளைகளுக்கான மாலை நேரக் கல்வி மையம் ஒன்றை நடத்தும் சிறிய தொண்டு நிறுவனத்தின் செயலாளர் நான். ஒவ்வோர் ஆண்டும் கடந்த ஆண்டின் வசூலோடு பத்து சதவீதத்தைக் கூட்டி, அதையே இலக்கு என்று செயற்குழுத் தீர்மானத்தில் எழுதிவைப்போம். மூன்று ஆண்டுகளாக அதை எட்டவில்லை. இந்த ஆண்டு இலக்கை இரு மடங்காக்கினால்தான் எல்லோரும் முனைந்து வேலை செய்வார்கள் என்று எங்கள் தலைவர் சொல்கிறார். நான் எதை ஏற்பது?

பதில்: இரண்டையுமே ஏற்க வேண்டாம். பத்து சதவீதத்தைக் கூட்டுவதும் இரு மடங்காக்குவதும் அடிப்படையில் ஒரே பிழைதான். அடுத்த ஆண்டு நீங்கள் செய்யப்போகும் பணிக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதைக் கொடுக்கப்போகிறவர்கள் யார் என்பதோடும் அது பொருந்தவில்லை. நிதி இலக்கு இந்த இரண்டிலிருந்தும் பிறக்க வேண்டும்.

முதலில் செலவிலிருந்து தொடங்குங்கள். எத்தனை மையங்கள், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவு செய்து, அதற்கு ஆகும் முழுச் செலவையும் எழுதுங்கள். முழுச் செலவு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாடகை, மின்கட்டணம், கணக்காளரின் ஊதியம், தணிக்கைக் கட்டணம் ஆகியவற்றை எழுதினால் நன்கொடையாளர் முகம் சுளிப்பார் என்று அஞ்சி, பல நிறுவனங்கள் அவற்றைக் குறைத்துக் காட்டுகின்றன. குறைத்துக் காட்டிய கணக்கையே நன்கொடையாளர் நம்பி அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்க, நிறுவனம் மேலும் சுருங்குகிறது. இந்தச் சுழலை 2009-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வுக் கட்டுரை பட்டினிச் சுழல் என்றே அழைத்தது. 2013-இல் அந்நாட்டில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் மூன்று அமைப்புகள், நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோட வேண்டாம் என்று நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. ஆகவே உண்மையான செலவை எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

அந்தத் தொகையிலிருந்து, ஏற்கெனவே கையெழுத்தான மானியங்களையும் மாதந்தோறும் தவறாமல் வரும் சந்தாக்களையும் கழியுங்கள். மீதி உள்ளதுதான் நீங்கள் திரட்ட வேண்டிய தொகை. அதோடு இருப்பு நிதிக்கென ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கு ஈடான தொகை கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. ஒரே ஆண்டில் அதை எட்ட முடியாது என்றாலும், ஆண்டுக்கு ஒரு மாதச் செலவுக்குரிய தொகையையாவது இலக்கில் சேர்க்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். குறிப்பிட்ட பணிக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தை வேறு செலவுக்கு எடுக்க முடியாது. ஆகவே பொது நிதிக்கு ஓர் இலக்கும் குறித்த பணிகளுக்கு வேறோர் இலக்கும் தனித்தனியே இருக்க வேண்டும். மொத்தத்தில் இலக்கைத் தாண்டிவிட்டு, ஆசிரியர்களுக்கு ஊதியம் தர முடியாமல் திணறிய நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது மறுமுனையிலிருந்து அந்த எண்ணைச் சோதியுங்கள். இலக்கை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 10 பங்கு தரக்கூடியவர் ஒருவர், 5 பங்கு தருபவர் இருவர், 2 பங்கு தருபவர் பத்துப் பேர், ஒரு பங்கு தருபவர் முப்பது பேர் என்றால் 70 பங்கு வந்துவிடும். மீதி 30 பங்கைப் பல சிறு நன்கொடைகள் நிரப்ப வேண்டும். இதில் பெரிய, நடுத்தர நன்கொடைகள் மட்டும் 43. கேட்ட எல்லோரும் தருவதில்லை என்பதால், ஒரு நன்கொடைக்கு மூன்று பேரையாவது அணுக வேண்டும் என்று கொண்டால், ஏறக்குறைய 130 பெயர்கள் தேவை. பெயர்கள் என்றால் உண்மையான பெயர்கள்: உங்கள் பணியை அறிந்தவர்கள், குழுவில் ஒருவராவது நேரில் சென்று பேசக்கூடியவர்கள். செயற்குழு கூடி அந்தப் பட்டியலை எழுதிப் பாருங்கள். நாற்பது பெயர்களோடு பேனா நின்றுவிட்டால், இந்த ஆண்டின் முதல் வேலை பணம் கேட்பது அன்று, மனிதர்களைத் தேடுவது. தலைவர் சொல்லும் இரு மடங்கு இலக்கையும் இதே பட்டியலை வைத்துத்தான் அவரோடு பேச வேண்டும். அவர் 260 பெயர்களைத் தர முடியுமானால் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

நல்ல இலக்கின் ஐந்து இயல்புகளை ஐந்து ஆங்கில எழுத்துகளில் சுருக்கிச் சொல்லும் ஸ்மார்ட் (SMART) என்ற சொல்லை நீங்கள் பயிற்சி வகுப்புகளில் கேட்டிருப்பீர்கள். 1981-இல் ஜார்ஜ் டோரன் அதை ஒரு மேலாண்மை இதழில் முன்வைத்தபோது, அதன் நடு எழுத்தான A இன்று பலரும் சொல்வதுபோல எட்டக்கூடியது என்பதைக் குறிக்கவில்லை. யார் செய்வது என்று ஒருவரிடம் ஒப்படைக்கக்கூடியது என்பதையே குறித்தது. காலப்போக்கில் தொலைந்துபோன அந்தப் பொருளே தொண்டு நிறுவனங்களுக்கு அதிகம் தேவை என்பது என் எண்ணம். 43 நன்கொடைகளுள் எவற்றை யார், எந்த மாதத்திற்குள் கேட்பது என்று பெயர் போட்டு எழுதாத இலக்கு, யாருடைய பொறுப்பிலும் இல்லாத இலக்காகவே ஆண்டு முழுதும் கிடக்கும்.

கேள்வி: கடந்த ஆண்டு ஏராளமான புதிய நன்கொடையாளர்களைச் சேர்த்தோம். இருந்தும் மொத்த வரவு முந்தைய ஆண்டைப் போலவேதான் இருக்கிறது. எங்கே தவறினோம்? இந்த ஆண்டு இன்னும் கூடுதலான புதியவர்களைச் சேர்ப்பதை இலக்காக வைக்கலாமா?

பதில்: புதியவர்கள் வாசல் வழியே வந்துகொண்டிருந்தபோது பழையவர்கள் பின்கதவு வழியே போய்க்கொண்டிருந்தார்கள். இது உங்கள் நிறுவனத்திற்கு மட்டும் நேர்வதன்று. அமெரிக்காவில் பல்லாயிரம் நிறுவனங்களின் நன்கொடைப் பதிவுகளை ஆண்டுதோறும் தொகுத்துப் பார்க்கும் ஆய்வுத் திட்டம் ஒன்று, ஓர் ஆண்டு கொடுத்தவர்களுள் பாதிப் பேருக்கும் குறைவானவர்களே அடுத்த ஆண்டும் கொடுக்கிறார்கள் என்று தொடர்ந்து காட்டிவருகிறது. முதன்முறை கொடுத்தவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுள் ஐந்தில் ஒருவர் அளவுக்கே திரும்பி வருகிறார்கள்.

இதை உங்கள் கணக்கில் பொருத்திப் பாருங்கள். 200 நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள்; 45 சதவீதத்தினர் திரும்பக் கொடுக்கிறார்கள் என்றால் எஞ்சுபவர்கள் 90 பேர். வளர்வதற்காக அன்று, இருக்கிற இடத்தில் நிற்பதற்கே 110 புதியவர்களைத் தேட வேண்டும். அந்த விகிதம் 55 ஆக உயர்ந்தால் 110 பேர் எஞ்சுவார்கள், 90 புதியவர்கள் போதும். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த வேறுபாடு பெருகுகிறது. ஆண்டுக்கு 40 சதவீதத்தினரே நிலைத்தால், இன்று உள்ள 100 பேரில் ஐந்தாண்டுக்குப் பிறகு ஒருவர்தான் எஞ்சுவார். 60 சதவீதத்தினர் நிலைத்தால் ஏறக்குறைய எட்டுப் பேர் எஞ்சுவார்கள். ஒரு புதியவரைத் தேடிப் பிடிப்பதற்கு ஆகும் உழைப்பும் செலவும், ஏற்கெனவே கொடுத்தவரிடம் மீண்டும் பேசுவதைவிடப் பல மடங்கு என்பதை உங்கள் களப்பணியாளர்களைக் கேட்டாலே சொல்வார்கள்.

எனவே இந்த ஆண்டு தொகைக்கு ஓர் இலக்கும் கொடுப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் இலக்கும் வையுங்கள். கடந்த ஆண்டு கொடுத்தவர்களுள் எத்தனை பேர் இந்த ஆண்டும் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் முதல் வரியாக எழுதுங்கள். தொகையை இரண்டாம் வரியாக எழுதலாம். அதற்கு முன்பு, கடந்த மூன்று ஆண்டுகளின் ரசீதுப் புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு, விடுபட்ட பெயர்களைப் பட்டியலிடுங்கள். அப்பட்டியலில் உள்ளவர்களுள் ஒரு இருபது பேரையாவது தொலைபேசியில் அழைத்து, பணம் கேட்காமல், எங்கள் பணியைப் பற்றி உங்களுக்கு ஏதேனும் குறை உண்டா என்று மட்டும் கேளுங்கள். பலர் விலகியதற்குப் பெரிய காரணம் எதுவும் இருக்காது. பணம் கேட்கும்போது மட்டும் நினைக்கப்பட்டோம் என்ற வருத்தமே பலரிடம் இருக்கும், அது நியாயமான வருத்தமும்கூட. நன்கொடை கிடைத்த இரண்டு நாட்களுக்குள் நன்றிக் கடிதம், ஆண்டுக்கு இரண்டு முறை எதுவும் கேட்காமல் அனுப்பும் பணி அறிக்கை, முதன்முறை கொடுத்தவருக்குச் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு ஆகிய மூன்றையும் ஓராண்டு தவறாமல் செய்து பாருங்கள். இயன்றவர்களை மாதச் சந்தாவுக்கு மாற்றுங்கள். மாதந்தோறும் சிறு தொகை தருபவர்கள் எளிதில் விலகுவதில்லை.

எதிர்பாராமல் ஒரே ஆண்டில் பெருந்தொகை வந்திருந்தால், அதை அடுத்த ஆண்டின் அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். 2014 கோடைக்காலத்தில் தலையில் பனிநீரை ஊற்றிக்கொள்ளும் சவால் உலகெங்கும் பரவியபோது, ஏ.எல்.எஸ். என்னும் நரம்புநோய்க்காகப் பணியாற்றும் அமெரிக்கச் சங்கத்திற்குச் சுமார் 115 மில்லியன் டாலர் வந்து சேர்ந்தது. அத்தகைய வெள்ளம் ஆண்டுதோறும் வராது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி, ஆண்டுதோறும் தொடரும் நிர்வாகச் செலவாகக் கரையாமல், நோய் ஆராய்ச்சிக்கெனப் பல ஆண்டுகளுக்குப் பிரித்தளிக்கப்பட்டது. சிறு நிறுவனங்களும் அவ்வாறே ஒருமுறை வரவை ஒருமுறைச் செலவுக்கே ஒதுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் இலக்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் அறிவித்துவிடலாமா?

பதில்: செயற்குழுவுக்கும் ஊழியர்களுக்கும் உடனே அறிவியுங்கள். பொதுமக்களுக்கு அறிவிப்பதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். ஜான் லிஸ்ட், டேவிட் லக்கிங் ரைலி என்னும் இரு பொருளியலாளர்கள் ஒரு பல்கலைக்கழகத்திற்காக நடத்தி 2002-இல் வெளியிட்ட களச் சோதனையில், இலக்கில் 10 சதவீதம் சேர்ந்துவிட்டது என்று எழுதிய கடிதங்களைவிட, 67 சதவீதம் சேர்ந்துவிட்டது என்று எழுதிய கடிதங்களுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு தொகை கிடைத்தது. ஆகவே செயற்குழு உறுப்பினர்களும் நெருங்கிய நன்கொடையாளர்களும் முதலில் தங்கள் பங்கைக் கொடுத்து, பாதியாவது சேர்ந்த பிறகு வெளியே அறிவிப்பதே சிறந்தது. சேராத தொகையைச் சேர்ந்ததாகச் சொல்வது மட்டும் ஒருபோதும் கூடாது.

கேள்வி: இலக்கை எட்ட வேண்டும் என்பதற்காக, நிதி திரட்டும் ஊழியருக்கு அவர் கொண்டுவரும் தொகையில் இத்தனை சதவீதம் என்று தரலாமா?

பதில்: கூடாது. நிதி திரட்டும் பணியாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஏ.எஃப்.பி. தன் நெறிமுறைகளில் இதை வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது. பங்கு கிடைக்கும் என்றால் ஊழியர் இன்றே வாங்கிவிடத் துடிப்பார். அடுத்த ஆண்டு மனமுவந்து பெரிதாகக் கொடுக்கவிருந்தவர் இன்று நெருக்கப்பட்டுச் சிறிதாகக் கொடுத்துவிட்டு விலகிவிடுவார். தான் கொடுத்ததில் ஒரு பகுதி தரகாகப் போனது என்று தெரிந்தால் எந்த நன்கொடையாளர் மீண்டும் நம்புவார்? நல்ல ஊதியம் கொடுங்கள். எத்தனை பேரைச் சந்தித்தார், எத்தனை பேர் தொடர்ந்து கொடுக்கிறார்கள் என்பதை வைத்து அவருடைய பணியை மதிப்பிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதம் கழிந்த பிறகு இலக்கில் பாதிகூட வரவில்லை என்றால் இலக்கைக் குறைத்துக்கொள்ளலாமா? ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கட்டத்தில் எங்கள் குழுவில் சண்டை வருகிறது.

பதில்: பாதி வரவில்லை என்பது பின்தங்கியதாக ஆகாது. நன்கொடை மாதந்தோறும் ஒரே அளவில் வருவதில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் முதல் ஆறு மாதங்களில் மொத்த வரவில் எத்தனை சதவீதம் வந்தது என்று பாருங்கள். வழக்கமாக 35 சதவீதம்தான் வரும் என்றால், இந்த ஆண்டு 36 வந்திருக்கும்போது சண்டைக்கே இடமில்லை. மாத இலக்குகளையும் அந்த விகிதப்படியே பிரித்துவையுங்கள்.

உண்மையிலேயே பின்தங்கியிருந்தால், ஏன் என்று பிரித்தறிய வேண்டும். கேட்பதாகச் சொன்னவர்கள் கேட்கவில்லை என்றால் இலக்கைத் தொடாதீர்கள். வேலையைச் செய்யச் சொல்லுங்கள். கேட்டும் பெரிய நன்கொடையாளர் ஒருவர் விலகிவிட்டார் என்றால், இலக்கைத் திருத்துவதில் வெட்கம் இல்லை. நான் முன்பு கணக்கு எழுதிய ஒரு நிறுவனத்தில், ஓர் ஆண்டு இலக்கைத் தாண்டியதைக் கொண்டாடினோம். வந்த தொகையில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்திருந்ததை நான் குறித்துவைத்தேனே தவிர, கூட்டத்தில் எழுந்து சொல்லவில்லை. மறு ஆண்டு அந்த நன்கொடை நின்றபோது இரண்டு மையங்களை நடு ஆண்டில் மூட நேர்ந்தது. அந்தப் பிள்ளைகளிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அன்று முதல், எந்த ஒருவரிடமிருந்தும் மொத்த வரவில் எவ்வளவு பங்குக்கு மேல் நம்பியிருக்கக்கூடாது என்பதையும் இலக்கின் ஒரு பகுதியாகவே எழுதச் சொல்கிறேன்.

உங்கள் குழுவில் சண்டை வருவதற்குக் காரணம், எதைக் குறைப்பது என்ற முடிவை நெருக்கடி வந்த பிறகு எடுப்பதுதான். அதை ஆண்டின் முதல் கூட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். எந்த நிலையிலும் நிற்கக்கூடாத பணிகள், சில மாதம் தள்ளிப்போடக்கூடியவை, பணம் வந்தால் மட்டும் தொடங்கக்கூடியவை என்று செலவுகளைப் பிரித்து, எந்த மாதத்தில் எந்த அளவுக்குக் கீழே வரவு இருந்தால் எது நிறுத்தப்படும் என்பதையும் தீர்மானமாகவே எழுதி, பொருளாளர் உள்பட எல்லோரும் கையெழுத்திடுங்கள். ஆறாம் மாதக் கூட்டத்தில் அந்தத் தாளையும் வரவுக் கணக்கையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.