தில்லி வெயிலுக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு? – கேள்வி பதில்

டெஸ்க்டாப் கார்டு, கூலிங் பற்றி மட்டும் கேளுங்கள். மானிட்டர், கேபினட், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி) மூன்றையும் எழுதினால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் சந்தையில் விலை நாளுக்கு நாள் மாறுவதால் விலை சொல்ல மாட்டேன்.

லக்ஷ்மி நகர்: அண்ணா, மொட்டை மாடி அறையில், பர்சாத்தியில் இருக்கிறேன். ஏசி கிடையாது, டெசர்ட் கூலர்தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்ய (காட்சியைப் படமாக்க) ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி எடுக்கவா, 4060 8 ஜிபி எடுக்கவா? தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் லிக்விட் கூலிங் வேண்டுமா?

தம்பி, ரெண்டருக்கு முதலில் பார்க்க வேண்டியது கார்டின் மெமரி. காட்சி முழுவதும் அதற்குள் அடங்காவிட்டால் வேலை ஆமை வேகத்துக்கு வரும், இல்லையென்றால் பாதியில் நிற்கும். அதனால் உங்களுக்கு 12 ஜிபி. ஆனால் 3060 இழுப்பது 170 வாட், 4060 இழுப்பது 115. கார்டு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் உங்கள் அறையில்தான் வெப்பமாக இறங்கும். பகலெல்லாம் கூரை காய்ந்த பர்சாத்தியில் அந்த 55 வாட் சின்ன விஷயமில்லை.

வழி இருக்கிறது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் பவர் லிமிட்டை 75 சதவீதத்துக்கு இறக்குங்கள். வேகம் அதே அளவுக்குக் குறையாது, சூடும் சத்தமும் நன்றாகவே குறையும். நீண்ட ரெண்டரை இரவு பத்து மணிக்கு மேல் ஓட விடுங்கள். கொஞ்சம் காசு சேர்க்க முடிந்தால் 5060 டிஐ 16 ஜிபி பாருங்கள். 180 வாட்தான், அதையும் இதே மாதிரி இறக்கலாம்.

இரண்டு ஃபேன் உள்ள திறந்த கார்டு போதும். ஒரே ஃபேன் வைத்துச் சூட்டைப் பின்பக்கமாக வெளியே தள்ளும் புளோயர் கார்டுகள், நெருக்கமான பெட்டிக்கும் பல கார்டு போடுகிறவர்களுக்கும்தான் சரி. சத்தம் தூங்க விடாது. திறந்த கார்டு சூட்டைக் கேபினட்டுக்குள்ளேயே விடும், அதனால் காற்று ஓட்டம் முக்கியம். முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலையாக இருக்கட்டும். உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று. உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இடுக்கு வழியாகப் புழுதி நுழையாது. ஆந்தி (புழுதிப் புயல்) அடித்த மறுநாள் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள். லிக்விட் வேண்டாம்.

எஸ்எம்பிஎஸ் என்னவென்று எழுதவில்லையே? கேபினட்டோடு இலவசமாக வந்ததென்றால் கார்டுக்கு முன்னால் அதை மாற்றுங்கள்.

ஆர்.கே. புரம்: 4060 வாங்கலாமா சார்?

1080பி (ஃபுல் எச்டி) மானிட்டரில் விளையாடத்தான் என்றால் வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் எழுதுங்கள்.

மயூர் விஹார்: பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், ஒல்லிப் பெட்டி. எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான ஒயரே இல்லை. பையனுக்கு ஏதாவது போட முடியுமா?

முடியும் அம்மா. மதர்போர்டு ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும். தனி ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 அதற்குள் ஓடும். ஒல்லிப் பெட்டிக்கு லோ புரொஃபைல் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஆர்எக்ஸ் 6400 காட்டினால் யோசியுங்கள். அது நாலே லேனில் (தரவு போகும் பாதையில்) ஓடுவதால் பழைய போர்டில் வேகம் அடிபடும். மோலெக்ஸிலிருந்து (பழைய நாலு பின் ஒயர்) மாற்றி ஒயர் போட்டுப் பெரிய கார்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த வகை ஒயர் எரிந்துபோகலாம்.

துவாரகா: லிக்விட் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் தள்ளுவது நியாயமில்லை. என் பிராசஸரில் 360 மி.மீ. ரேடியேட்டர் (தண்ணீரின் சூட்டை வெளியேற்றும் பகுதி) முன்பக்கம் இருக்கிறது, மே மாதத்திலும் பிரச்சினை இல்லை. தில்லிக்கு லிக்விட்தான் சரி.

தண்ணீரோ காற்றோ, அறை வெப்பத்துக்குக் கீழே எதுவும் இறங்காது. 25 டிகிரி அறையில் 65 காட்டும் கார்டு, 40 டிகிரி அறையில் 80 பக்கம் வந்து நிற்கும். தண்ணீர் சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். உங்கள் ரேடியேட்டர் முன்பக்கம் இருப்பதால் பிராசஸர் சூடு ஏறிய காற்றைத்தான் கார்டு குடிக்கிறது. பிராசஸர் அளவை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

ரோகிணி: தண்ணீர் சூடாக நேரம் எடுக்குமே அண்ணா? அது லாபம்தானே?

உண்மை, குறுகிய வேலைக்கு. தொடர்ந்து ஓடினால் தண்ணீரும் சூடாகி ஒரு நிலையில் நின்றுவிடும், அதன்பிறகு ரேடியேட்டர் வெளியேற்றும் அளவுதான் கணக்கு. மூன்று மணி நேர ரெண்டருக்கு அந்த லாபம் கிடையாது.

துவாரகா: 250 வாட் இழுக்கும் பிராசஸருக்கு என்ன செய்வீர்கள்? கார்டிலேயே ரேடியேட்டரோடு வருபவை இருக்கின்றனவே?

இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். 250 வாட்டுக்கு லிக்விட் நியாயமானது. ரேடியேட்டர் உள்ள கார்டு சூட்டை நேராகப் பெட்டிக்கு வெளியே தள்ளும், 400 வாட்டுக்கு மேல் அது நல்ல ஏற்பாடு. நான் எதிர்ப்பது 115 வாட் கார்டும் சாதாரண பிராசஸரும் வைத்திருக்கும் மாணவரிடம் ரேடியேட்டரைத் தலையில் கட்டுவதை. அந்தப் பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் வலை முன்பக்கக் கேபினட்டும் வந்துவிடும். பம்ப் தேயும், குழாய் வழியாகத் தண்ணீர் மெல்லக் குறையும், பெரும்பாலும் உங்களால் நிரப்ப முடியாது. காற்றால் குளிர்விப்பதில் பழுதாவது ஃபேன் மட்டும்.

கரோல் பாக்: டெசர்ட் கூலரைக் கம்ப்யூட்டருக்கு நேராகத் திருப்பி வைத்தால்?

வேண்டாம். அறையைக் குளிர்விக்கட்டும், அது கார்டுக்கும் நல்லது. ஈரக் காற்று நேராக அடித்தால் கார்டின் ஃபின்னில் (மெல்லிய உலோகத் தகடுகளில்) புழுதி சேறாக ஒட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் ஈரம் அறைக்குள்ளேயே தேங்கும்.

பீதம்புரா: 4060 எப்படி?

மேலே பாருங்கள்.

ஜனக்புரி: கேபினட்டோடு 500 வாட் எஸ்எம்பிஎஸ் வந்தது. 4060 போடலாமா?

மூன்றாவது தடவை. அட்டையில் 500 என்று அச்சடிப்பது யாருக்கும் கஷ்டமில்லை. பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், 12 ஆல் பெருக்குங்கள். 250 வாட் கூட வராவிட்டால் அது 500 வாட் இல்லை. நல்ல கம்பெனி 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (மின் சிக்கனச் சான்று) உள்ளதாக வாங்குங்கள். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

நொய்டா: கேமிங் லேப்டாப் சூடாகிறது.

லேப்டாப் என் வேலை இல்லை. சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

சரிதா விஹார்: நேரு பிளேஸில் பழைய மைனிங் கார்டு (கிரிப்டோ நாணயம் எடுக்க ஓட்டியது) மலிவாகக் கிடைக்கிறது.

அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி, கோடு வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா பாருங்கள். சீரியல் நம்பர் எழுதிய பில் கொடுக்காவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். வாங்கினால் சூடு கடத்தும் பேஸ்ட்டும் தெர்மல் பேடும் மாற்றும் செலவையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

துவாரகா: சரி, ரேடியேட்டரை மேல்பக்கம் மாற்றிப் பார்க்கிறேன். எதைக் கவனிக்க?

மேலே இடமிருக்கிறதா என்று முதலில் அளங்கள், ரேம் இடிக்கும். பம்ப் ரேடியேட்டரைவிடக் கீழே இருக்கட்டும், காற்றுக் குமிழ் அதில் தங்கக் கூடாது. ஃபேன் வெளியே தள்ளும்படி திருப்புங்கள், முன்பக்கம் காலியான இடத்தில் இழுக்கும் ஃபேன் போடுங்கள். மாற்றும் முன்பும் பின்பும் அரை மணி நேரம் ஒரே விளையாட்டை ஓட்டி, கார்டு வெப்பத்தையும் அறை வெப்பத்தையும் சேர்த்து இங்கே எழுதுங்கள்.