அம்மாவைச் சேர்க்கும் முன்பே ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கவனிப்பை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் சொன்னதன் சுருக்கம்: ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) எழுபதைத் தாண்டிய வயது, சர்க்கரை உண்டு, கானாடுகாத்தான் வீட்டில் தனியாக இருக்கிறார். இவர் சிங்கப்பூரில். காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வலது முழங்காலுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாசலில் என்.ஏ.பி.எச். என்கிற தரச் சான்று போர்டு இருக்கிறது, கூகுளில் நல்ல மார்க் இருக்கிறது. லீவில் வரும்போது நேரில் போய் எதைப் பார்ப்பது?

நான் வார்டு சிஸ்டராக இருந்து, பிறகு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் குவாலிட்டி பிரிவுக்குப் போனவள். தேவகோட்டைக்காரி. இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வரும்போது என்ன நடக்கும் என்றும் தெரியும், அதற்கு முந்தின வாரம் ஃபைல்களை எப்படித் தேற்றுவார்கள் என்றும் தெரியும். அதனால் சொல்கிறேன், பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்க்காதீர்கள். அந்த நேரத்தில் எல்லா ஆஸ்பத்திரியும் நல்ல ஆஸ்பத்திரிதான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் இருப்பார், நர்சிங் இன்சார்ஜ் இருப்பார், தரை துடைத்த ஈரம்கூடக் காய்ந்திருக்காது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போங்கள். காரைக்குடி ஆஸ்பத்திரிகளில் நமக்குத் தெரிந்தவர் யாராவது படுத்திருக்காமல் இருக்க மாட்டார்கள். ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, பார்க்க வந்த சாக்கில் உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டால் பாதி விஷயம் அங்கேயே வந்துவிடும்: ராத்திரி பெல் அடித்தால் யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், அந்த வார்டுக்கு எத்தனை சிஸ்டர்.

போர்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். என்.ஏ.பி.எச். என்பது இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் வரும் அமைப்பு. அது தரும் சான்றில் முழு அங்கீகாரமும் உண்டு, ஆரம்ப நிலைச் சான்றும் உண்டு. போர்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த நிலை, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை அவர்களுடைய இணையதளத்திலேயே ஆஸ்பத்திரி பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். அது இல்லாத சின்ன ஆஸ்பத்திரி மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 1997-ம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி வாங்க வேண்டிய பதிவுச் சான்றிதழ் கட்டாயம் இருக்க வேண்டும், அது இல்லை என்றால் பேச்சே வேண்டாம். காரைக்குடிப் பக்கத்துக்கு அந்தப் பதிவைப் பார்ப்பது சிவகங்கையில் இருக்கும் நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்.

இனி வார்டு. நம் பக்கத்துக்கென்றே ஒரு பிரச்சினை உண்டு, வெளியூர் இன்ஸ்பெக்டர்களுக்கு அது சட்டென்று பிடிபடாது. அய்யா பேரைப் பேரனுக்கும் அப்பத்தா பேரைப் பேத்திக்கும் வைக்கிற ஊர் இது. ஒரே மாடியில் இரண்டு மெய்யம்மை ஆச்சி, இரண்டு சிதம்பரம் செட்டியார் படுத்திருப்பது சர்வ சாதாரணம். இனிஷியலும் சில சமயம் ஒன்றாகவே இருக்கும். இதில் மாத்திரை தட்டோடு வரும் பெண், "மெய்யம்மை ஆச்சிதானே?" என்று கேட்டால், காது மந்தமான எந்த ஆச்சியும் "ஆமாத்தா" என்றுதான் சொல்வார். அப்படிக் கேட்பது தப்பு. "உங்க பேர் சொல்லுங்க ஆச்சி, வயசு என்ன?" என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, கையில் கட்டிய பட்டையில் இருக்கும் ஆஸ்பத்திரி நம்பரை மருந்துச் சீட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் மாத்திரை வாய்க்குப் போக வேண்டும். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கவனித்தாலே அங்கே எது வழக்கம் என்று தெரிந்துவிடும். பட்டையே கட்டவில்லை என்றால் நான் என் வீட்டு ஆளை அங்கே படுக்க வைக்க மாட்டேன்.

அப்புறம் சார்ட். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட நம்புவேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பி.பி., நாடி, காய்ச்சல், மூச்சு எல்லாம் எழுதுகிற தாள் கட்டில் முனையில் தொங்கும், இல்லையென்றால் சிஸ்டர் மேஜையில் இருக்கும். உங்கள் சொந்தக்காரருடையதைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மூன்று நாளும் பி.பி. 120/80, மூச்சு 20 என்று ஒரே மாதிரி ஓடுகிறதா? அளக்காமல் எழுதியது. உயிரோடு இருக்கும் மனுஷருக்கு பி.பி. அப்படி நிற்காது. ராத்திரி இரண்டு மணிக்கும் காலை ஆறு மணிக்கும் போட்ட கையெழுத்து ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்ட மாதிரி இருந்தால், ஷிஃப்ட் முடியும்போது உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். பாவம், அந்தப் பெண்ணைக் குறை சொல்லியும் பயனில்லை. முப்பது பெட்டுக்கு இரண்டு பேரை நிறுத்திவைத்தால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். குறை மேலே இருக்கிறது, ஆனால் அதை அனுபவிக்கப்போவது உங்கள் ஆத்தா. கண்டபடி வெட்டித் திருத்திய, ஏறி இறங்கும் எண்கள் உள்ள அழுக்குச் சார்ட்டைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

கையில் குத்தியிருக்கும் ஊசியையும் பாருங்கள். வென்ஃப்ளான் என்போமே, அதன் பிளாஸ்திரியில் போட்ட தேதியும் நேரமும் எழுதியிருக்க வேண்டும். சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தும் அதிலேயே மருந்து ஏற்றினால் கவனிப்பு இல்லை என்று அர்த்தம். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது சிஸ்டர் கைக்கு ஹேண்ட்ரப் (கிருமி கொல்லும் திரவம்) போடுகிறாரா, இல்லை ஒரே கிளவுஸோடு வார்டு முழுக்கச் சுற்றுகிறாரா? சர்க்கரை உள்ளவருக்கு ஆபரேஷன் புண்ணில் சீழ் வைக்கும் ஆபத்து அதிகம், அதனால் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. குப்பையைப் பாருங்கள். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், டியூப், சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் சிவப்பில், ஊசிகள் எல்லாம் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில், கண்ணாடி நீலத்தில் போக வேண்டும். மஞ்சள் பையில் டீ கப் கிடந்தால் பயிற்சி எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். பாத்ரூமுக்குள்ளும் ஒரு எட்டு போய் வாருங்கள்: பிடித்து எழக் கம்பி இருக்கிறதா, தரை வழுக்குகிறதா, வெஸ்டர்ன் டாய்லெட்தானா. மூட்டு மாற்றியவருக்குத் தியேட்டரைவிட பாத்ரூம்தான் ஆபத்து.

தியேட்டருக்குள் உங்களை விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆனால் டாக்டரிடம் கேட்கலாம். எந்தக் கால் என்று, ஆத்தா விழித்திருக்கும்போதே நீங்களே பேனாவால் குறி போடுவீர்களா? உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த ஆபரேஷன் சரிபார்ப்புப் பட்டியலை இங்கே உரக்கப் படிக்கிறீர்களா? கத்தி வைப்பதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போகிறதா? ஆபரேஷனுக்கு முன்னால் சர்க்கரை எவ்வளவுக்கு இறங்க வேண்டும் என்று பார்க்கிறீர்கள்? ஒழுங்காகச் செய்கிறவர் இதற்கெல்லாம் சந்தோஷமாகப் பதில் சொல்வார். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் தம்பி" என்று முதுகில் தட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். மயக்க டாக்டர் யார், அவர் ஆபரேஷன் முடிந்ததும் மதுரைக்கோ திருச்சிக்கோ கிளம்பிவிடுகிறவரா என்பதையும் கேளுங்கள். நம் ஊருக்கு வந்துபோகும் டாக்டர்கள் அதிகம், அதில் தப்பில்லை. ஆனால் அன்று இரவு நெஞ்சு அடைத்தால் மாடி ஏறி வருகிற டூட்டி டாக்டர் யார், என்ன படித்தவர் என்பது தெரிய வேண்டும். அவர் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் போட்டுப் பார்க்கலாம்.

பணத்தில் ஒன்றே ஒன்று. மூட்டு இம்பிளான்ட்டுக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டிலேயே உச்ச விலை வைத்தது. வழக்கமாகப் போடும் கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு அப்போது வரி இல்லாமல் 54,720 ரூபாய். பேக்கேஜ் என்று மொத்தமாகச் சொன்னாலும் பில்லில் இம்பிளான்ட்டைத் தனி வரியாகப் போட்டு, கம்பெனி பெயரும் பேட்ச் நம்பரும் உள்ள ஸ்டிக்கரை ஒட்டித் தரச் சொல்லுங்கள். பத்து வருஷம் கழித்து மூட்டில் தகராறு வந்தால் அந்த ஸ்டிக்கர் வேண்டியிருக்கும். கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்புகள்) நகலைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. வாய்ச்சண்டை போடாமல் எழுத்தில் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள்.

இனி உங்கள் ஆத்தா விஷயம். இருதயத்தில் கோளாறு இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ராத்திரி பார்த்ததில் மேலே சொன்னவை பெரும்பாலும் சரியாக இருக்கின்றன என்றால் காரைக்குடியிலேயே செய்துகொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வாரக்கணக்கில் பிசியோதெரபி இருக்கிறது, தையல் பிரிக்கப் போக வேண்டும். இரண்டு மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்து மதுரைக்குப் போய்வருவது அந்தக் காலுக்கு நல்லதில்லை. இருதய ஸ்கேனான எக்கோவில் ஏதாவது சந்தேகம் சொன்னால் மட்டும் இருபத்துநாலு மணி நேரமும் ஐ.சி.யு. டாக்டர் இருக்கிற இடமாக மதுரை அல்லது திருச்சி. எங்கே செய்தாலும் முதல் மூன்று இரவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் துணைக்கு இருக்கட்டும். வீட்டில் வேலை செய்கிற அம்மா எவ்வளவு பாசமாகப் பார்த்துக்கொண்டாலும் ராத்திரி மருந்துச் சீட்டைப் படித்து, "இது யாருக்கு?" என்று கேட்க ஆள் வேண்டும். காலேஜில் படிக்கிற தம்பி மகனோ மச்சினன் மகளோ இருந்தால் போதும், ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள்.