கவனம் நழுவும் இடம்: தியானம் பற்றி வாசகர் கேள்விகளும் பதில்களும்

மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் இரண்டே நிமிடத்தில் மனம் அலுவலகக் கணக்குக்கும் மகளின் எஸ்பிஎம் தேர்வுக்கும் ஓடிவிடுகிறது. எனக்குத் தியானம் வராதோ?
(வாசகி, செந்தூல்)

ஓடாத மனம் யாருக்கும் கிடையாது, அம்மா. மனம் ஓடிவிட்டதை நீங்களே கண்டுகொள்கிறீர்களே, அந்த நொடியில்தான் பயிற்சி நடக்கிறது. 'மறுபடியும் போய்விட்டதே' என்று அந்த நொடியில் உங்களையே திட்டிக்கொண்டால், கண்டுகொள்வதே கசந்துபோகும்.

மூக்குத் துவாரத்தின் விளிம்பு, மார்பு, வயிறு ஆகியவற்றில் மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அந்த ஓரிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பிறகு அதை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வெளிமூச்சின் முடிவிலும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றுக்கு வாருங்கள். எண்ணிக்கை அறுந்துபோனால் கவனம் நழுவிவிட்டது என்று தெரியும். பதினாறு, பதினேழு என்று தன்போக்கில் போய்க்கொண்டிருந்தாலும் அதே கதைதான். எண்ணிக்கை பழக்கத்தில் ஓடும், மனம் வேறெங்கோ இருக்கும்.

தெரிந்ததும் 'யோசனை' என்று ஒரே சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். தாடையையும் தோளையும் தளர்த்திவிட்டு, அடுத்த வெளிமூச்சில் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். 'எப்படி அங்கே போனேன்?' என்று பின்னோக்கித் தேடாதீர்கள். அந்தத் தேடலும் இன்னொரு யோசனைதான். தினமும் 10 நிமிடம் போதும். ஒருமுறைகூடப் பத்தை எட்டாத நாளிலும் இருபது தடவை கண்டுகொண்டிருந்தால், இருபது தடவை பயின்றிருக்கிறீர்கள். மகளின் தேர்வைப் பற்றிச் செய்ய வேண்டியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டு உட்காருங்கள். மறந்துவிடுவோமோ என்ற பயம் பாதி குறையும்.

திருமூலர் சொன்ன 16-64-32 மாத்திரைக் கணக்கில் மூச்சுப் பயிற்சி செய்தால் கவனம் சீக்கிரம் கூடுமா?
(வாசகர், பட்டர்வொர்த்)

16 மாத்திரை (கைநொடிக்கும் நேர அளவு) பூரகம், அதாவது மூச்சை உள்ளிழுத்தல், 64 கும்பகம், அதாவது அடக்குதல், 32 ரேசகம், அதாவது வெளிவிடுதல் என்பது மூச்சை ஆளும் பயிற்சி. ஆசான் அருகிலிருக்கப் படிப்படியாக ஏற வேண்டிய அளவு அது. இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே வேண்டாம்.

கவனப் பயிற்சியில் மூச்சை மாற்றுவதில்லை, அது வருவதையும் போவதையும் அறிகிறோம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே அமர்வில் கலந்தால் அடக்கும் முயற்சியே கவனம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். சிலருக்குக் கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சு செயற்கையாகி மார்பு இறுகும். அப்போது மூச்சை விட்டுவிட்டு, உள்ளங்கை தொடையில் பட்டிருக்கும் இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோங்கள். மூச்சு தன்போக்குக்கு வந்த பிறகு திரும்பலாம்.

ஜோர்ஜ்டவுனில் அடுக்குமாடி வீடு. கீழே காப்பிக்கடை, மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. அமைதியான இடத்துக்கு எங்கே போவது?
(வாசகர், பினாங்கு)

எங்கும் போக வேண்டாம், உங்களுக்குப் பயிற்சிக்கான பொருள் வீட்டுக்குள்ளேயே வருகிறது. திடீர் ஓசைக்குக் கவனம் தானாகத் திரும்பும். ஆபத்தை அறிய உடலில் அமைந்த வேலை அது, அதைத் தடுக்க முடியாது. ஓசையைத் தொடர்ந்து போவதா, திரும்புவதா என்பதில்தான் உங்கள் பங்கு தொடங்குகிறது.

12 நிமிடம் ஒதுக்குங்கள். முதல் 3 நிமிடம் மூச்சு மட்டும். அடுத்த 3 நிமிடம் அறைக்குள் கேட்கும் ஓசைகள்: மின்விசிறி, கடிகாரம். பிறகு 3 நிமிடம் எட்டக் கேட்கும் ஓசைகள். கடைசி 3 நிமிடம் எதையும் தேர்ந்தெடுக்காமல் வருவதை எல்லாம் கேளுங்கள். கவனத்தைக் குறுக்கவும் விரிக்கவும் இது பழக்கும். 'யார் இந்த நேரத்தில் மோட்டாரை முடுக்குவது?' என்று கதை கட்டத் தொடங்கும் இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஓசை எங்கே தொடங்கியது, எப்படி ஏறியது, எங்கே அடங்கியது என்பதை மட்டும் கேளுங்கள்.

பர்மாவின் பௌத்தத் துறவி மகாசி சயாடோ கற்பித்த முறையில் வயிறு எழுவதும் தாழ்வதும் முதன்மைப் பொருள். ஓசை குறுக்கிட்டால் 'கேட்டல், கேட்டல்' என்று குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்புவார்கள். நேரில் கற்க விரும்பினால், உங்கள் ஊரிலேயே மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள மலேசிய பௌத்த தியான மையம் இந்த மரபைச் சேர்ந்தது.

வேலை முடிந்து உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன்.
(வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்காருங்கள், கண்ணைப் பாதி திறந்தே வையுங்கள். அப்படியும் தலை சாய்ந்தால் எழுந்து பத்தடி தூரம் மெல்ல நடங்கள். காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது மூன்றையும் தனித்தனியே உணருங்கள். ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறீர்கள் என்றால் முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

எல்ஆர்டி ரயில் பயணத்தில் செய்யலாமா?
(வாசகி, கோலாலம்பூர்)

தாராளமாக. கேஎல் சென்ட்ரலுக்கும் கேஎல்சிசிக்கும் இடையே நான்கு நிலையங்கள் வருகின்றன. பாசார் செனி வரை பாதங்களின் அழுத்தம், மஸ்ஜித் ஜாமெக் வரை ஓசை, டாங் வாங்கி வரை மூச்சு என்று நிலையத்துக்கு நிலையம் கவனத்தை நீங்களாக மாற்றுங்கள். கைத்தொலைபேசியில் புலனச் (வாட்ஸ்அப்) செய்தி அதிர்ந்தால், எடுக்கத் துடிக்கும் கையை ஒரு மூச்சு நேரம் உணர்ந்துவிட்டு எடுங்கள். கார் ஓட்டும்போது இதெல்லாம் வேண்டாம்.

கண்ணை மூடினாலே பழைய விபத்து ஞாபகம் வந்து நெஞ்சு படபடக்கிறது. பல்லைக் கடித்துத் தாங்கினால் போய்விடுமா?
(பெயர் வேண்டாம் என்றவர்)

தாங்க வேண்டாம். உடனே கண்ணைத் திறங்கள். பாதங்களைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இப்போதைக்குக் கண்மூடும் தியானத்தை விட்டு, நடைப்பயிற்சியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதற்குத் துணை தேவை. அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், மனநல சிகிச்சைக்கு அனுப்ப வேண்டுமா என்று அவர் பார்ப்பார்.