எழுத்து ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம்

கேள்வி: 'சி, ஓ, எல், ஓ, என், இ, எல்' என்று எழுதிவிட்டு 'கர்னல்' என்கிறார்களே, அந்த 'ர்' எங்கிருந்து வந்தது?

பதில்: பிரெஞ்சிலிருந்து. இத்தாலியில் படைப்பிரிவின் தலைவரை 'கொலொனெல்லோ' என்றார்கள். அதை வாங்கிய பிரெஞ்சுக்காரர்கள், அடுத்தடுத்து 'ல' வருவது நாக்குக்கு இடறியதால் முதல் 'ல'வை 'ர' ஆக்கி 'கொரொனெல்' என்றார்கள், 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனதும் இந்த வடிவம்தான். அப்புறம் இத்தாலிய மூலத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்தினார்கள். கொஞ்ச காலம் இரண்டு உச்சரிப்பும் புழங்கின, கடைசியில் வாயில் 'ர' தங்கிவிட்டது, தாளில் 'எல்' தங்கிவிட்டது.

கேள்வி: கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' எதற்கு?

பதில்: எதற்குமே இல்லை! பழைய ஆங்கிலப் புத்தகங்களில் 'பி' இல்லாமல்தான் எழுதினார்கள். லத்தீன் படித்த பண்டிதர்கள், மூலச்சொல் 'டெபிட்டும்' என்பதைக் காட்டுவதற்காக நுழைத்த எழுத்து அது. 'ரிசீட்'டில் வரும் 'பி'யும் (இது B அல்ல, P) இப்படி வந்ததுதான். ஒருவர்மீது முறைப்படி குற்றம் சாட்டுவதைச் சொல்லும் 'இன்டைட்' இன்னும் மோசம், நடுவில் 'சி' இருப்பதால் நன்றாகப் படித்தவர்கள்கூட 'இன்டிக்ட்' என்றுவிடுவார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எழுத்தை நம்பிப் படித்தவர் செய்தது நியாயமான வேலை.

கேள்வி: 'எபிடோம்' என்று வாசித்தேன், சிரித்துவிட்டார்கள். சரியான உச்சரிப்பு என்ன?

பதில்: சிரித்தது தப்பு. அது 'எபிட்டமி', ஒன்றுக்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு என்று பொருள். 'பி'யை அழுத்துங்கள். மிகைப்படுத்திச் சொல்வதைக் குறிக்கும் 'ஹைபர்பலி'யும் இதே இனம், அதை 'ஹைபர்போல்' என்பவர்கள் ஏராளம். இவை கிரேக்கத்திலிருந்து வந்தவை, அதனால் கடைசி 'இ' ஊமையாக இருக்காது. 'அப்பாஸ்ட்ரஃபி', 'கடாஸ்ட்ரஃபி' இரண்டையும் நாம் சரியாகத்தானே சொல்கிறோம்? அதே கணக்குதான். சந்தேகம் வந்தால் அகராதியில் உச்சரிப்புக் குறியைப் பாருங்கள், அழுத்த வேண்டிய அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும்.

கேள்வி: மழை பெய்ததும் வரும் மண் வாசனைக்கு ஆங்கிலத்தில் தனிச்சொல் உண்டா?

பதில்: உண்டு, 'பெட்ரிகோர்'. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர் (Bear), ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-இல் உருவாக்கியது. 'பெட்ரா' என்றால் கல், 'இகோர்' என்பது கிரேக்கத் தேவர்களின் நாளங்களில் ஓடுவதாகச் சொல்லப்படும் திரவம். எழுத்தில் 'சி, எச்' இருப்பதைப் பார்த்து 'பெட்ரிச்சோர்' என்றுவிடாதீர்கள், 'கெமிஸ்ட்ரி'யில் வருவது போல 'க'தான்.