பெரிய உணவு கம்பெனிக்கு மசாலாத் தூள் சப்ளை செய்யப் போகிறோம். ஆடிட்டில் என்ன பார்ப்பார்கள்?

அடுத்த மாதம் ஆடிட் வருகிறது, அதற்குள் சுவருக்குப் பெயின்ட் அடித்துத் தரைக்கு எபாக்சிப் பூச்சு போட்டுவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆடிட்டருக்கு என்ன கொடுப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். எபாக்சிக்குக் கடன் வாங்கப் போகிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். நாங்களும் வாங்கினோம், அதனால்தான் சொல்கிறேன்.

எங்களுடையது ஈரோடு பக்கம் மஞ்சள் அரவை மில். மாமனார் ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷத்திலிருந்து கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஒரு பெரிய மசாலா கம்பெனியிலிருந்து விசாரணை வந்தபோது வீடே சந்தோஷப்பட்டது. முதலில் ஒரு நீளமான ஃபார்ம் அனுப்பினார்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ், தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட், வேலையாட்களின் மருத்துவச் சான்று எல்லாம் கேட்டார்கள். அப்புறம் மூன்று லாட்டிலிருந்து (ஒரு தடவையில் சேர்ந்து அரைத்த சரக்கு ஒரு லாட்) சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். அதில் பாஸான பிறகுதான் நேரில் ஆடிட்.

ஆடிட்டராக வந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தரையைப் பார்த்தார், எலிப்பொறிகளை வரைபடத்தோடு ஒப்பிட்டார், எல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது. மெட்டல் டிடெக்டரில் மட்டும் நின்றார். எங்கள் வேலையாளிடமே டெஸ்ட் பீஸை, அதாவது சோதனைக்கான சின்ன உலோகத் துண்டைக் கொடுத்து, பையோடு சேர்த்து விடச் சொன்னார். பெல்ட் நின்றது. நின்ற பிறகு அந்தப் பையை என்ன செய்வாய் என்றும் அவரிடமே கேட்டார். அதனால் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்.

பிறகு சாம்பிள் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை அவராகவே உருவினார். ஆறு மாதம் முந்தைய லாட், ஒரு மொத்த வியாபாரிக்குப் போனது. இதன் முழுக் கதையும் பேப்பரில் வேண்டும் என்றார். பத்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்தேன். பெருந்துறை ஏலத்தில் 8,000 கிலோ விரலி மஞ்சள் வாங்கிய பில். 25 கிலோப் பை 320 அனுப்பிய பில், அதாவது 8,000 கிலோ தூள். கச்சிதமாக ஒத்துப்போகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: "சேதாரம் எங்கேங்க மேடம்?"

எனக்கு வியர்த்துவிட்டது. கல், மண், தூசி போகும். அரைக்கும்போது ஈரம் போகும். பின்னால் எடை போட்டுப் பார்த்ததில் எங்கள் மில்லில் நூறு கிலோவுக்கு நாலு கிலோ போகிறது. அந்தக் கணக்கில் 7,680 கிலோதான் வந்திருக்க வேண்டும், 307 பை. மீதிப் பதின்மூன்று பை எங்கிருந்து வந்தது?

மாமாதான் சொன்னார். "போன வருசம் எடுத்ததுல ஏழு மூட்டை மிச்சங் கெடந்துதுங்க அம்மணி. லோடு ரொப்பறதுக்குப் போட்டனுங்க. அதுவும் நல்ல மஞ்சள்தானுங்க. கலப்படஞ் செஞ்சு பொழைக்கற குடும்பமில்லீங்க."

"நீங்க செஞ்சீங்கன்னு சொல்லலீங்க ஐயா. அந்த ஏழு மூட்டைக்கு ஈயம் டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் இருக்குங்களா?"

இல்லை. புது லாட்டுக்கு மட்டும்தான் இருந்தது. மாமா முகம் சுருங்கிப்போனதை இன்னும் மறக்க முடியவில்லை. மேஜர் என்.சி., அதாவது பெரிய குறை என்று எழுதிவிட்டுப் போனார். சப்ளை நாலு மாதம் தள்ளிப்போனது.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான். பிறகு படித்துப் பார்த்தேன். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற பாலிஷ் போடும் இடத்திலேயே லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் நிறப்பொடியைச் சேர்த்தது 2019 ஆய்வில் வெளிவந்தது. நம் நாட்டில் மஞ்சளில் ஈயத்தின் வரம்பு 10 பிபிஎம், அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராம். பாலிஷ் போட்டு வரும் விரலியைக் கண்ணால் பார்த்து ஈயம் இருக்கிறதா என்று சொல்ல முடியாது, நாற்பது வருஷ அனுபவம் இருந்தாலும். 2005-ல் பிரிட்டனில் மிளகாய்த் தூளில், உணவில் சேர்க்கக் கூடாத சூடான் 1 சாயம் இருந்தது தெரியவந்தது. அந்தத் தூள் ஒரு சாஸில் போய், அந்த சாஸ் மற்ற கம்பெனிகளின் உணவுகளில் போய், நூற்றுக்கணக்கான பொருட்களைக் கடைகளிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. எந்த மூட்டை எந்தப் பையில் போனது என்று தெரிந்தால் அந்தப் பையை மட்டும் திரும்ப எடுக்கலாம். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

பெரிய கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று சிலர் எழுதுவீர்கள். எல்லா ஆடிட்டும் இப்படி நேர்மையாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. பேப்பரைப் புரட்டிவிட்டு டிக் அடித்துப் போகிறவர்களும் வந்திருக்கிறார்கள். எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் மாற்றியது இவ்வளவுதான். சல்லடைக்கு முன்னாலும் பின்னாலும் எடை. கழிவுக்கும் எடை. மிச்ச மூட்டைக்கு அதன் பழைய லாட் நம்பரோடு சீட்டு, கலந்தால் எந்த லாட்டில் எத்தனை கிலோ என்று பதிவு. மறு ஆடிட்டில் பாஸானோம். எபாக்சியைப் பற்றி இரண்டு முறையும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரை வெடிப்பில்லாமல், கழுவ முடிகிற மாதிரி இருந்தால் சரி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு யாரும் சொல்லவில்லை. பதின்மூன்று பைக்கு எங்களை அப்படிக் கேட்ட அதே கம்பெனி, பில் பணத்தை 110 நாள் கழித்துத்தான் கொடுத்தது. 2006-ம் வருஷச் சிறுதொழில் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்தான். தாண்டினால் வட்டியோடு தர வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, தாமதித்து அந்த வருஷம் முடிவதற்குள்ளும் கொடுக்காத தொகையை அவர்கள் வருமான வரிக் கணக்கில் அந்த வருஷச் செலவாகக் காட்டவும் முடியாது. இது சட்டத்தில் இருக்கிறது. ஆனால் போன் போட்டுக் கேட்டால், "அக்கவுண்ட்ஸில் பேசுங்க" என்பார்கள். விவசாயிக்கு நாங்கள் ஏலத்திலேயே பணம் கட்டுகிறோம், நடுவில் வங்கி வட்டி எங்கள் தலையில். எங்களிடம் ஒரு தேதி தவறினால் என்.சி., அவர்களிடம் தவறினால் யாரிடம் போய் எழுதுவது? அதனால் ஆர்டர் கையெழுத்தாகும் முன்பே உதயம் சான்றை (சிறுதொழில் பதிவுச் சான்று) கொடுத்து, எத்தனை நாளில் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஆடிட்டருக்கு மத்தியானச் சாப்பாடு போடுங்கள், அது தப்பில்லை. வேறு எதுவும் கொடுக்காதீர்கள். மாமா அரைக் கிலோ தூளை ஒரு மஞ்சப்பையில் போட்டு நீட்டினார். அந்தப் பெண் கும்பிட்டு, வேண்டாமுங்க ஐயா என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.