கவிழாத கலம்: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கேள்வி பதில்

தங்கச்சிமடத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இந்தக் கணினி விளையாட்டில் விண்கலங்களைக் கட்டியும் கவிழ்த்தும் வருகிறேன். கெர்பின் என்ற கற்பனைக் கோளிலிருந்து கலங்களை ஏவி, அதன் நிலவுகளான 'மன்', மின்மஸ் ஆகியவற்றில் இறக்கும் விளையாட்டு இது. வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கலம் கவிழ்வதைப் பற்றியே இருந்ததால், அவற்றுக்கே இங்கு இடம் கொடுத்திருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அண்ணா, ஏவிய சில நொடிகளில் என் ராக்கெட் தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. கட்டுமானக் கூடத்தில் மஞ்சள் பந்துக்குக் கீழேதான் நீலப் பந்து இருக்கிறது. பிறகும் ஏன்?

மஞ்சள் பந்து நிறை மையம். அது மேலேயும், காற்று தாங்கும் மையமான நீலப் பந்து கீழேயும் இருக்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் நீலப் பந்து இறக்கை, துடுப்பு போன்ற உறுப்புகளை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. உடற்பகுதியில் காற்று மோதுவதால் உண்டாகும் இழுவையை அது காட்டுவதில்லை. உங்கள் ராக்கெட்டின் உச்சியில் அகலமான, எடை குறைந்த ஆய்வுக்கலம் மூடி இல்லாமல் உட்கார்ந்திருந்தால், இழுவை முழுவதும் தலையில் விழும். பட்டத்தின் வாலைத் தலைப்பக்கம் கட்டியதற்கு ஒப்பான நிலை அது. பறக்கும்போது எஃப்12 விசையை அழுத்தினால் எந்த உறுப்பைக் காற்று எவ்வளவு இழுக்கிறது என்று அம்புக்குறிகளாகத் தெரியும். மூடி போடுங்கள், துடுப்புகளை அடிப்பகுதியில் வையுங்கள், கீழ் வளிமண்டலத்தில் ராக்கெட்டின் மூக்கு பயணத் திசையிலிருந்து ஐந்து பாகைக்கு மேல் விலகாமல் மெல்லச் சாயுங்கள்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, 'மன்' நிலவில் மெதுவாகத்தான் இறங்குகிறேன். கால் தரையைத் தொட்டதும் கலம் சாய்ந்து விழுகிறது. உயரமான கலம், மூன்று கால்கள்.

நீங்கள் சொல்லும் 'மெதுவாக' என்பது கீழ்நோக்கிய வேகம். கவிழ்ப்பது பக்கவாட்டு வேகம். தனுஷ்கோடிப் பக்கம் மணல்திட்டில் வத்தைப் படகு முன்பக்கத்தால் ஏறினால் நின்றுவிடும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்து அடி தட்டினால், அதே வத்தை அந்த நொடியே சாயும்.

கணக்காகவே பார்க்கலாம். கால்கள் கலத்தின் நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளியும், நிறை மையம் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கலம் காலின் மேல் கவிழ்வதில்லை. அடுத்தடுத்த இரண்டு கால்களை இணைக்கும் கோட்டின் மேல்தான் கவிழ்கிறது. மூன்று கால்கள் என்றால் அந்தக் கோடு நடுவிலிருந்து 1 மீட்டர் தொலைவில்தான் இருக்கும், நான்கு என்றால் 1.41 மீட்டர். ஆகவே மூன்று கால் கலம் ஏறத்தாழ 18 பாகைச் சரிவிலேயே விழுந்துவிடும். நான்கு கால் கலம் 25 பாகை வரை தாங்கும். நிறை மையத்தை 2 மீட்டருக்கு இறக்கினால் அதுவே 35 பாகையாகும்.

இனி வேகம். எடை முழுவதும் ஒரே புள்ளியில் இருப்பதாகக் கொண்டால், அந்த 3 மீட்டர் நான்கு கால் கலத்தைக் கவிழ்க்க, 'மன்' நிலவில் விநாடிக்கு 1.1 மீட்டர் பக்கவாட்டு வேகமே போதும். கெர்பினில் அதற்கு 2.8 மீட்டர் வேண்டும். ஈர்ப்பு குறைவான இடத்தில் கலம் கவிழாது என்று நானும் தொடக்கத்தில் நம்பினேன். உண்மை நேர்மாறானது, ஏனெனில் சாயும் கலத்தைத் திரும்ப இழுத்து நிறுத்துவது ஈர்ப்புதான். ஒற்றை நெடுந்தொட்டிக்குப் பதிலாகச் சிறு தொட்டிகளைப் பக்கங்களில் தொங்கவிட்டு, அவற்றின் வெளிப்புறத்தில் கால்களைப் பொருத்துங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: கலத்தைத் திருப்ப உதவும் சுழல் சக்கரங்களைக் கூடுதலாக வைத்தால் போதாதா?

போதாது. சாய்ந்த கலத்தை நிமிர்த்த அவை உதவும். ஆனால் தவறான வடிவமைப்பை மறைத்து எடையையும் கூட்டும்.

தொண்டியிலிருந்து: கடைசி நூறு மீட்டரை எப்படி ஓட்டுவது? பயணத்தின் எதிர்த்திசையைக் காட்டும் ரெட்ரோகிரேட் குறியைப் பிடிக்கத் தானியங்கியிடம் சொன்னால், சில நேரம் கலம் தானாகவே தலைகீழாகிறது.

திசையையும் வேகத்தையும் காட்டும் பந்தான நேவ்பால் 'தரை' நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'சுற்றுப்பாதை' நிலையில் அது காட்டும் வேகம் இறங்குவதற்கு உதவாது. ரெட்ரோகிரேட் குறியைப் பிடித்து எஞ்சினை இயக்கினால் பக்கவாட்டு வேகமும் சேர்ந்தே குறையும். ஆனால் இறக்கம் நின்று கலம் ஒரு முழம் மேலே எழும்பினாலும், அந்தக் குறி பந்தின் மறுபக்கம் தாவிவிடும். தானியங்கியும் அதைத் துரத்தி மூக்கைத் தரைக்குத் திருப்பும். என் கலங்களில் பாதி இப்படித்தான் போயின. எனவே வேகம் விநாடிக்கு 4, 5 மீட்டருக்குக் குறைந்ததும் நிலைகாப்பு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

எஞ்சினை எப்போது மூட்டுவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 'மன்' நிலவில் உங்கள் கலத்தின் எடையைப்போல் இரு மடங்கு உந்துவிசை இருந்தால், விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் நேராக விழும் கலம் நிற்க ஏறத்தாழ 490 மீட்டர் தேவை. 20 மீட்டர் வேகத்துக்கு 125 மீட்டருக்குள் முடியும்.

இராமநாதபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர்: உண்மையான தரையிறங்கு கலங்களுக்கும் இவை பொருந்துமா?

பொருந்தும், ஐயா. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய சந்திரயான்-3 கலத்துக்கு இஸ்ரோ வகுத்த எல்லைகளைப் பாருங்கள்: கீழ்நோக்கி விநாடிக்கு 2 மீட்டர், பக்கவாட்டில் 0.5 மீட்டர், தரைச் சரிவு 12 பாகை. பக்கவாட்டு எல்லை நான்கில் ஒரு பங்குதான். வேகத்தை நேரடியாக அளக்க லேசர் டாப்ளர் கருவியும் அதில் சேர்க்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் ஒடிசியஸ் கலம் நிலவில் பக்கவாட்டு நகர்வோடு இறங்கிச் சாய்ந்ததை உங்கள் மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

பாம்பனிலிருந்து: முதல் முறை இறங்க 'மன்' நல்லதா, மின்மஸ் நல்லதா?

மின்மஸ். தொலைவு கூடுதல் என்றாலும், சுற்றுப்பாதையிலிருந்து தரைக்கு வர விநாடிக்கு 180 மீட்டர் அளவு வேகமாற்றம் போதும். 'மன்' நிலவில் அது 580. மேலே சொன்ன கலம் மின்மஸில் விநாடிக்கு 0.6 மீட்டரிலேயே கவிழும் என்பது மெய்தான். ஆனால் அங்குள்ள உறைந்த ஏரிகள் உப்பளப் பாத்தியைப்போல் மட்டமானவை. உயரமானி சுழியம் காட்டும் இடம்தான் தரை என்பதால், பக்கவாட்டு வேகத்தைக் கொன்றுவிட்டுப் பொறுமையாக இறங்க நேரமும் கிடைக்கும்.